அரச செலவில் ஒரு பயணம்



அன்பிற்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே! வானொலியில் ஆற்றிய இந்த உரையைச் செவிமடுத்தவர்களில் சிலர், பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுக்கும் வகையில் அதனை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொண்டனர். எனவே, பேசிய விடயத்தைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

நமது ஏறாவூரிலிருந்து வடக்கே செங்கலடியைத் தாண்டிச் சென்றால் வந்தாறுமூலை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகம் 1986 முதல் இயங்கி வருகின்றது. தெற்கே ஒலுவிலில் இருப்பது, 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு வருடம் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நமது வீடுகளிலிருந்து இவ்விரண்டிற்கும் பிள்ளைகள் செல்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை விரிவுரையாளர்களாகவும், பீடாதிபதிகளாகவும், பதிவாளர்களாகவும், இன்ஷா அல்லாஹ், உபவேந்தர்களாகவும் வருவர். அந்தக் கதிரைகளில் அமர்பவர் கையொப்பமிடும் தாள்களுள் மிகச் சாதாரணமானதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றியே இன்று பேசுகின்றேன். அதுதான் பிரயாணச் செலவு விண்ணப்பம்.

பயணம் போவது தவறா என்று நீங்கள் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் நான்கு சுவர்களுக்குள் இருந்துகொண்டு அதனை வளர்க்க முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் உடன்படிக்கை செய்ய வேண்டும், மாநாடுகளில் பங்குகொள்ள வேண்டும், மானியங்கள் ஆணைக்குழுவின் கூட்டங்களுக்காகக் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே மாதந்தோறும் அலைய வேண்டும். அப்பயணம் எப்போதும் சுகமாக இருந்ததும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக இருந்த பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் அவர்கள் 2006 டிசம்பர் 15 ஆம் திகதி, கொழும்பில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டிற்குச் சென்றிருந்தபோது காணாமற்போனார். கடமையின் நிமித்தம் சென்ற ஒருவர் வீடு திரும்பவில்லை. உபவேந்தர்களின் பயணங்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எல்லோரும் உல்லாசத்திற்காகவே போகின்றனர் என்று யாரும் இலேசாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை முதலில் நினைவூட்டினேன்.

ஆனால் கடமைக்காகக் கொடுக்கப்பட்ட பணம் கடமைக்கே செலவானதா என்பது வேறு கேள்வி.

அக்கேள்வியை முதன்முதலில் கேட்டவர் எவருமல்லர், நமது நபி (ஸல்) அவர்களே. பனூ ஸுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் திரட்டுவதற்காக இப்னுல் லுத்பிய்யா என்பவரை அவர்கள் அனுப்பிவைத்தார்கள். அவர் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்டார்கள். அவர் பொருட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதி உங்களுக்குரியது, மறு பகுதி எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, பெயர் குறிப்பிடாமல், அந்த மனிதர் தமது பெற்றோரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்தில் மக்கள் முன்னிலையில் கேட்டார்கள். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை ஒரு தடவை ஆறுதலாகச் சிந்தித்துப் பாருங்கள். அவர் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்படவில்லை. கொடுத்தவர்கள் மனமுவந்தே கொடுத்தனர். ஆயினும் அவருக்கு அது கிடைத்தது அவருடைய முகத்திற்காக அல்ல, அவர் வகித்த பதவிக்காக. விருந்தளிக்கும் வெளிநாட்டு நிறுவனம் உபவேந்தருக்கு அனுப்பும் பயணச்சீட்டும், விடுதி அறையும், கைப்பையும் இந்தக் கேள்வியின் முன்னால்தான் வைக்கப்பட வேண்டியவை.

அதே வேளை, பொதுப் பணியில் இருப்பவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. பணிக்கு நியமிக்கப்பட்டவருக்கு மனைவியும், வீடும், பணியாளும் இல்லாவிடின் அவற்றைத் தேடிக்கொள்ளலாம் என்றும், அதற்கு மேல் எடுப்பது மோசடி என்றும் கருத்துத் தரும் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. ஆகவே தேவையான படியைப் பெறுவது உரிமையாகும். வேகாத வெயிலில் உழைத்துவிட்டு, நியாயமான படியை வேண்டாம் என்று சொல்லிப் பேணுதல் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எல்லையைத் தாண்டும் இடம் எதுவென்று அறிந்திருப்பதுதான் அவசியம்.

நமது நாட்டின் சட்டமும் அந்த எல்லையை வரைந்துதான் வைத்திருக்கின்றது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி உபவேந்தரே பல்கலைக்கழகத்தின் பிரதான நிறைவேற்று அலுவலர். கணக்கீட்டு அலுவலரும் அவரே. அவருக்கு மேலே பேரவை. வெளியிலிருந்து பார்ப்பவர் கணக்காய்வாளர் நாயகம். அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரை அந்த அதிகாரத்தை அவருக்கு வழங்குகின்றது. அவரது அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பாராளுமன்றத்தின் கோப் குழு உபவேந்தர்களை அழைத்து விசாரிக்கின்றது. 2018 ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், ஏற்பட்ட நட்டத்தைப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிடுவதற்கும் வழி செய்திருக்கின்றது.

இத்தனை இருந்தும் ஓட்டை எங்கே என்று கேட்பீர்கள். ஒரு சாதாரண விரிவுரையாளர் சிட்டையைச் சமர்ப்பித்தால் துறைத் தலைவர் பார்ப்பார், பீடாதிபதி பார்ப்பார், நிதியாளரின் பிரிவு பார்க்கும். உபவேந்தரின் சிட்டையை முதலில் பார்ப்பவர் யார்? அவருக்குக் கீழே பணிபுரியும் ஓர் எழுதுவினைஞர். அவருடைய பதவியுயர்வுக்கான கடிதத்திலும், இடமாற்றத்திலும், விடுமுறையிலும் அதே உபவேந்தரின் கையொப்பம் தேவை. அந்த எழுதுவினைஞர் துணிந்து, மாநாடு மூன்று நாட்கள்தானே ஸேர், படி ஏன் ஏழு நாட்களுக்கு என்று கேட்பாரா? கேட்கமாட்டார். அவரைக் குறை சொல்வதிலும் பயனில்லை. எனவேதான் தலைவரின் செலவை அவருக்குக் கட்டுப்படாதவர்கள், அதாவது பேரவையின் வெளி உறுப்பினர்கள், பார்க்க வேண்டும். அதுவும் பணம் கொடுத்த பிறகல்ல, பயணம் புறப்படும் முன்னரே பார்க்க வேண்டும் என்று நான் கருதுகின்றேன்.

கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்று இதற்கு நன்கு பொருந்தும். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் அது பதிவாகியிருக்கின்றது. கலீபாவின் புதல்வர்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையொன்றுடன் ஈராக்குக்குச் சென்று திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களைச் சந்தித்தனர். அவர் அன்பின் மிகுதியால், மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல்மால் பணத்தை அவர்களிடம் கடனாகக் கொடுத்து, இங்கே சரக்கு வாங்கி அங்கே விற்று, முதலைக் கலீபாவிடம் ஒப்படைத்துவிட்டு இலாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் அவ்வாறே செய்தனர். உமர் (ரழி) அவர்கள் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: படையிலிருந்த ஏனையோர் எல்லோருக்கும் இவ்வாறு கடன் கொடுக்கப்பட்டதா? இல்லை என்றார்கள். அப்படியானால் நீங்கள் கலீபாவின் பிள்ளைகள் என்பதற்காகவே கொடுக்கப்பட்டிருக்கின்றது என்று கூறி, முதலையும் இலாபத்தையும் கேட்டார்கள். உபைதுல்லாஹ் மட்டும், பணம் தொலைந்திருந்தால் நாங்கள்தானே கட்டியிருப்போம் என்று வாதாடினார். ஈற்றில் சபையிலிருந்த ஒருவரின் ஆலோசனைப்படி, முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலைச் சேர்ந்தன.

ஆளுநர் செய்தது இலஞ்சம் அல்ல, வெறும் மரியாதை. பெரும்பாலான தவறுகள் நமது நாட்டிலும் இந்த மரியாதையின் வழியாகத்தான் நுழைகின்றன. ‘ஸேர் தூரத்திலிருந்து வருகிறார், நல்ல ஹோட்டலில் அறை போடுங்கள்’, ‘மெடமும் வருகிறாராம், வாகனத்தை விமான நிலையத்திற்கு அனுப்புங்கள்’ என்பவை யாவும் அன்பாகவே தொடங்குகின்றன.

2025 ஆகஸ்ட் 22 ஆம் திகதி நாடே அதிர்ந்த செய்தியொன்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவர்கள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டார். 2023 செப்டெம்பரில் கியூபாவிலும் அமெரிக்காவிலும் உத்தியோகபூர்வக் கடமைகளை முடித்துத் திரும்பும் வழியில் அவர் பிரித்தானியாவுக்குச் சென்றார். வொல்வர்ஹம்ப்டன் பல்கலைக்கழகம் அவரது துணைவியாருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் வழங்கிய நிகழ்வுக்கான அந்தத் தனிப்பட்ட பயணத்திற்கு ஏறத்தாழ 1 கோடியே 66 இலட்சம் ரூபாய் அரச பணம் செலவிடப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. ஆகஸ்ட் 26 இல் அவருக்குப் பிணை வழங்கப்பட்டது. துணைவியாரின் செலவை அவரே ஏற்றார், அரச பணம் தவறாகப் பயன்படுத்தப்படவில்லை என்பது அவரது தரப்பு நிலைப்பாடு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதனை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். நாமாகத் தீர்ப்பு வழங்குவது நமக்கு ஆகாது.

ஆனால் அச்சம்பவம் எழுப்பிய கேள்வி எல்லாப் பதவிகளுக்கும் உரியது. கடமைப் பயணத்தின் வால்பகுதியில் சொந்த வேலையொன்று ஒட்டிக்கொண்டால் செலவை எப்படிப் பிரிப்பது? அரச பணத்தின் பெறுமதியை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1 கோடியே 66 இலட்சம் என்பது 2,200 இற்கும் அதிகமான மாணவர்களின் ஒரு மாதப் புலமைப்பரிசில். வந்தாறுமூலையில் ஒரு பிடி சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் பிள்ளைக்கு அத்தொகை எப்படிக் கேட்கும்?

பிற நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த பென் ஸாஸ் 2024 ஜூலையில் பதவி விலகினார். அடுத்த மாதம் அங்குள்ள மாணவர் பத்திரிகையொன்று, அவரது அலுவலகத்தின் பயணச் செலவு 633,000 டொலர் என்றும், முன்னிருந்தவரின் காலத்தில் அது வருடமொன்றுக்குச் சராசரியாக 28,000 டொலர் மாத்திரமே என்றும் வெளிப்படுத்தியது. தவறு நடக்கவில்லை என்று அவர் மறுத்தார். எனக்கு வியப்பளித்தது தொகை அல்ல, அதனைத் தேடி எடுத்தவர்கள் மாணவர்கள் என்பதுதான். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்திலோ, வருடம் 468,000 பவுண் ஊதியம் பெற்ற உபவேந்தர் 2 பவுண் பிஸ்கட்டுக்கும் செலவுச் சிட்டை கொடுத்திருந்தார் என்பது 2017 இல் பெரும் பேச்சாயிற்று. அந்த இரண்டு பவுண்தான் மக்களின் மனதில் நின்றது. கைபர் யுத்தத்தில் கனீமத்துப் பொருளிலிருந்து ஒரு போர்வையை எடுத்த மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும், செருப்பு வாரை எடுத்திருந்த ஒருவர் அதனை ஓடோடிக் கொண்டுவந்து ஒப்படைத்தது இங்கே நினைவுக்கு வருகின்றது.

பிறரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நியாயமல்ல. நான் அரச சேவையில் இருந்த காலத்தில் காரியாலய வேலையாக இரண்டு நாட்களுக்குக் கொழும்பு சென்றேன். குடும்பமும் உடன் வந்தது. வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. மறுநாள் மருதானையில் உறவினரின் கல்யாணம். தங்கியதும் அவர்கள் வீட்டில்தான். ஆயினும் திரும்பி வந்து இரண்டு நாள் படியையும், தங்குமிடச் செலவையும் சேர்த்தே விண்ணப்பித்தேன். யாரும் கேட்கவில்லை. பணம் கைக்கு வந்த அன்று, பத்து வயதான என் மகள் அந்தத் தாளின் பிரதியை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “வாப்பா, ரெண்டாம் நாள் நாம கல்யாண ஊட்டுலதானே இருந்த?” என்றாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோதுதான் இன்னொரு வேடிக்கை. காசாளர் அதனை வாங்க மறுத்தார். ‘இதை எந்தத் தலைப்பில் வரவு வைக்கிற? இப்படி யாரும் கொண்டு வந்ததில்லையே’ என்றார். ஒரு மணித்தியாலம் விவாதித்து, ஏனைய வரவுகள் என்னும் தலைப்பில் எழுதிப் பற்றுச்சீட்டுத் தந்தார். என்னைப் பார்த்து அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்புமாறும் நபியவர்கள் அறிவுறுத்தியிருக்கின்றார்கள். மேலதிகமாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் யார் பணம் கொடுக்கின்றார் என்று கேட்டுப் பார்த்தால் அந்த அறிவுரையின் பயன் இன்னொரு பக்கத்தாலும் விளங்கும். சொந்த வேலைக்காகத் தங்க வேண்டுமாயின் தங்கலாம். விடுமுறை எழுதிக் கொடுத்து, அந்நாட்களின் செலவைத் தமது பையிலிருந்து கொடுக்க வேண்டும். விருந்தளிப்பவர் உணவும் இருப்பிடமும் தந்தால் அவற்றுக்கான படியை மீண்டும் வாங்கலாகாது. முற்பணம் எடுத்தவர் திரும்பியவுடன் கணக்கை முடிக்க வேண்டும். துணைவியார் வந்தால் அவரது பயணச்சீட்டு வேறாக, சொந்தப் பணத்தில். 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியபோது அரச செலவில் வெளிநாடு செல்வதைத் திறைசேரி மட்டுப்படுத்தியது. வறுமை வந்த பிறகே வந்த அந்தச் சிக்கனம் ஏன் வளமான காலத்தில் வரவில்லை என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றேன்.

இளைஞர்களே, பெற்றோர்களே, இவற்றைக் கேட்டறிய உங்களுக்கும் வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச பல்கலைக்கழகமும் ஒரு பகிரங்க அதிகாரசபையே. எந்தப் பிரஜையும் அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். கடந்த வருடம் உபவேந்தர் எத்தனை பயணங்கள் சென்றார், எதற்காக, செலவு எவ்வளவு, பேரவையின் அனுமதி எந்தத் திகதியில் கிடைத்தது என்று நான்கு வரிகளில் கேட்டால் போதும். ஏன் கேட்கின்றீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியில் பழியும் இருக்கலாகாது. பதில் நேர்மையானதாக வந்தால் அந்த உபவேந்தருக்காக துஆச் செய்யுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அங்குள்ள குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.