நாற்காலி காலியானா நமக்கென்ன?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் இடைத்தேர்தல் பற்றிப் பேசியது)



கணக்கு வாசிச்சாச்சு, தீர்மானமும் எழுதியாச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சிலர் எழுந்திருக்கப் பார்க்கிறீங்க. ஒரு கால் மணி நேரம் உட்காருங்க. இடைத்தேர்தல் பற்றிப் பேசணும்னு போன கூட்டத்திலேயே முடிவு செய்தோம்.

நம்ம குழுவில் ஊக்குநர் கல்யாணமாகி வெளியூர் போயிட்டா என்ன செய்கிறோம்? அடுத்த கூட்டத்திலேயே வேறொருவரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு பேங்கில் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் பணம் எடுக்க முடியாது, கடன் கேட்க முடியாது. குழுவே நின்றுபோகும்.

சட்டமன்றமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். ஒரு உறுப்பினர் இறந்துபோனாலோ, ராஜினாமா செய்தாலோ, பதவி பறிபோனாலோ, அந்தத் தொகுதிக்கு மட்டும் நடத்துவது இடைத்தேர்தல். இடம் காலியான 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்பது சட்டம். மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் நடத்த வேண்டியதில்லை.

ஜெயித்தவரே விட்டுக்கொடுத்தும் இடம் காலியாகும். 1991-ல் ஜெயலலிதா நம்ம பர்கூரிலும், காங்கேயத்திலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். ஒருவர் இரண்டு தொகுதிக்கு உறுப்பினராக இருக்க முடியாது. பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தை விட்டுவிட்டார்.

சரி, நம்ம ஓசூர் கதைக்கு வருவோம். பாகலூரில் 1998-ல் கள்ளச்சாராயத்தை எதிர்த்து ஒரு போராட்டம் நடந்தது. அதில் பஸ்கள் மீது கல் வீசியதாக வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் பாலகிருஷ்ண ரெட்டி. 2016-ல் ஓசூர் எம்.எல்.ஏ. ஆனார், பிறகு விளையாட்டுத் துறை அமைச்சரும் ஆனார். 2019 ஜனவரி 7-ந் தேதி சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் உடனே பதவி போகும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் அமைச்சர் பதவியும் போனது, எம்.எல்.ஏ. பதவியும் போனது.

2019 ஏப்ரல் 18-ந் தேதி நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஓசூருக்கு இடைத்தேர்தல். அவருடைய மனைவி ஜோதி அ.தி.மு.க. சார்பில் நின்றார். தி.மு.க.வின் எஸ்.ஏ. சத்யா 23 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் ஜெயித்தார். பின்னால் 2023-ல் உயர் நீதிமன்றம் பாலகிருஷ்ண ரெட்டியின் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் போன பதவி போனதுதான். அதற்குள் அந்த சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது.

"யாரு வந்தா என்னக்கா, யாரு போனா என்ன, நாம உழைச்சாத்தான் சோறு" என்று நம்மில் பலர் சொல்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2019 தொடக்கத்தில் ஓசூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. ஊராட்சித் தலைவர் இருந்தாரா? அவரும் இல்லை. உள்ளாட்சிப் பதவிக் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துபோனது. கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். மூன்று வருஷத்துக்கும் மேலே வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. போர் ரிப்பேர், தெருவிளக்கு எரியவில்லை, ரேஷன் கார்டு வரவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் நம்ம ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாருமில்லை. நாற்காலி காலியானால் நமக்கு என்ன என்பதற்கு இதுதான் பதில்.

பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் இன்னும் மோசம். 2017 செப்டம்பர் 18-ல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்களே, அதில் இந்த இரண்டு தொகுதியும் உண்டு. வழக்கு கோர்ட்டில் இருந்ததால் தேர்தல் தள்ளிப்போனது. சரியாக 19 மாதம் காலியாக இருந்து, ஓசூரோடு அதே நாளில்தான் அங்கேயும் ஓட்டுப்பதிவு நடந்தது.

பணத்தாலும் தேர்தல் தள்ளிப்போகும். சென்னை ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அப்புறம் டிசம்பர் 21-ல்தான் நடந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலே அந்தத் தொகுதிக்கு ஆள் இல்லை. ஓட்டுக்கு வாங்கிய காசு எத்தனை நாளைக்கு வந்தது? நஷ்டம் எத்தனை மாதம்?

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்லியாக வேண்டும். பொதுத் தேர்தலில் கட்சிக்காரர்கள் மாநிலம் பூராவும் சுற்ற வேண்டும். இடைத்தேர்தலில் எல்லோரும் ஒரே தொகுதியில் வந்து இறங்குகிறார்கள். வீடு வீடாகப் போவதைவிடக் குழுவைப் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம். 15 பேர், 20 பேர் ஒரே இடத்தில், பெயர்ப் பட்டியலோடு இருக்கிறோம் அல்லவா? முன்பு ஒரு தேர்தல் சமயத்தில் நம்ம குழு ஒன்றிடம், "உறுப்பினர் பட்டியல் கொடுங்க, குழுவுக்கு மொத்தமாத் தர்றோம்" என்று வந்தார்கள். சிலர் கொடுக்கலாம் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். யாருக்கு எவ்வளவு வந்தது என்று சண்டை. பல வருஷம் ஒன்றாகச் சேமித்தவர்கள் பேசாமல் போனார்கள். சந்தா நின்றது, கடன் நின்றது, குழுவே இரண்டானது. தேர்தல் ஒரு மாதத்தில் முடிந்துபோனது. அந்த மனக்கசப்பு இன்னும் முடியவில்லை.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பட்டியலைக் கொடுக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே நாம் பேசி வைக்கவில்லை, அது நம்ம எல்லோருடைய தவறு. ஓட்டுக்குப் பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. பட்டியலைக் கொடுத்த ஊக்குநர் தலையில்தான் முதலில் விழும். இந்த மாவட்டம் பழைய தருமபுரியோடு சேர்ந்திருந்த காலத்தில், 1989-ல் மாநிலத்துக்கே முன்னோடியாகக் குழு ஆரம்பித்தவர்கள் நாம். நம்ம பதிவேட்டை யார் கையிலும் கொடுக்கலாமா?

இனி, தேர்தல் வந்தால் தெரிந்திருக்க வேண்டிய நான்கு விஷயங்கள்.

ஒன்று. தேதி அறிவித்த உடனே நடத்தை விதி வந்துவிடும். உரிய ஆவணம் இல்லாமல் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும். நம்ம எல்லைப் பக்கம் சோதனை அதிகம். கடன் தவணை கட்டப் போகும்போது குழுவின் பாஸ்புக், தீர்மான நகல், ஓர் அடையாள அட்டை, மூன்றும் பையில் இருக்கட்டும்.

இரண்டு. ஓட்டுப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். இடைத்தேர்தலுக்கும் அது உண்டு, தினக்கூலிக்கும் உண்டு. 2019 ஏப்ரல் 18-ல் பெங்களூர் பக்கமும் அதே நாளில் ஓட்டுப்பதிவு என்பதால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா கம்பெனிகளுக்கும் விடுமுறை. தனியாக இடைத்தேர்தல் வந்தால் கர்நாடகக் கம்பெனிக்கு அந்த நாளே தெரியாது. வாக்காளர் அட்டையைக் காட்டி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து லீவு கேளுங்கள்.

மூன்று. ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் ஓட்டு. அங்கே வாடகை வீட்டில் ஒன்று, இங்கே அம்மா வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கக் கூடாது. கல்யாணமாகி வந்தவர்கள், வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுங்கள். புதிதாகச் சேர்ப்பவர்கள் படிவம் 6. சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் செய்யுங்கள்.

நான்கு. யாருக்கு ஓட்டு என்பது அவரவர் விருப்பம். மாமியார், வீட்டுக்காரர், ஊக்குநர், கூட்டமைப்பு, யாரும் சொல்லக் கூடாது. ஒரு குழுவுக்குள்ளே பல கட்சி இருக்கும், இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நம்ம ஊர்க் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று நம்ம கையில் இருக்கட்டும். ஜெயித்த பிறகு அதைக் காட்டிக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இப்படித் தீர்மானம் எழுத வேண்டும்: "எந்தத் தேர்தலிலும் குழுவின் பெயரையோ பட்டியலையோ எந்தக் கட்சிக்கும் தருவதில்லை, குழுவின் பெயரில் பணமோ பொருளோ வாங்குவதில்லை." எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வாசலில் வந்து கேட்பவருக்கு ஊக்குநர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டாம். புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும்.

இப்போ கிளம்பலாம். பஸ் வந்துடும்.