கறையான் செய்யும் வேளாண்மை
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)

 

வெள்ளி விழா மேடையில் கறையானைப் பற்றிப் பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் யார்? பாடுபட்டவர் ஒருவர், பயன்கொண்டவர் வேறொருவர் என்பதை நம் முன்னோர் அந்த ஒரு வரியில் அடக்கிவிட்டனர். ஆயினும் குடிபுகுந்த பாம்பைப் பற்றிக் கதைகள் எத்தனையோ உண்டு; வீட்டைக் கட்டியவரைப் பற்றி நாம் கேட்டது குறைவு. இன்று கட்டியவரின் கதையைக் கேட்போம்.

பூஞ்சையைப் பயிரிடும் எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. அவை இலைகளை வெட்டிச் செல்வது உண்பதற்கன்று, பூஞ்சைக்கு உரமாக இடுவதற்கே என்று தாமஸ் பெல்ட் என்னும் ஆங்கிலேயர் 1874இல் எழுதினார். நம் நாட்டில் அத்தொழிலைச் செய்வது கறையான். வெள்ளை எறும்பு என்று அதனை அழைப்பது பிழை. அது எறும்பின் இனமன்று, கரப்பான்பூச்சியின் உறவு. மனிதன் ஏர் பிடித்துச் சற்றேறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகின்றன. கறையானோ ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாகப் பயிர் செய்து வருகிறது.

கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்தில் குடியேறியபோது அதற்குக் கிடைத்தது ஒரு புதர்க்காடு. அதுபோன்ற நிலத்திலும், வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளிலும் செம்மண் புற்றுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓடான்டோடெர்மிஸ் என்னும் இனத்துக் கறையான்களின் வேலை அது. பனைமரத்தின் அடியில் மண் பூசினாற்போல் ஒரு படலம் ஏறியிருக்கும். வெயிலுக்கும் எறும்புப் பகைக்கும் அஞ்சி, அந்த மண்கூரையின் கீழ் ஒளிந்தே கறையான் இரை தேடுகிறது. பட்ட மரம், சருகு, வைக்கோல், காய்ந்த சாணம் ஆகியவையே அதன் இரை.

தின்றதை அது முழுதும் செரிப்பதில்லை. புற்றுக்குத் திரும்பி, அரைகுறையாகச் செரித்ததைக் கழித்து, கடற்பஞ்சு போன்ற ஒரு தோட்டத்தின் மேல் அடுக்குகிறது. டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சை அதில் வளர்ந்து, மரத்தின் கடினமான பகுதிகளைச் சிதைத்து உணவாக்குகிறது. சில வாரங்களில் வெண்முத்துப் போன்ற மணிகள் விளைகின்றன. இளங்கறையான்கள் அவற்றை உண்டு தோட்டத்தைப் பேணுகின்றன; வயது கூடியவை வெளியே சென்று இரை தேடுகின்றன. களைப்பூஞ்சை தலைகாட்டினால் அதனையும் அடக்கி வைக்கின்றன. தோட்டம் கைவிடப்பட்டால் களையே எங்கும் படர்ந்துவிடும்.

அந்தப் புற்று மூச்சும் விடுகிறது. பகலில் அதன் வெளிவிளிம்புகள் முதலில் சூடேறி, அங்கே காற்று மேலெழுந்து நடுவில் கீழிறங்குகிறது; இரவில் இது தலைகீழாகிறது. பெங்களூர்ப் புற்றுகளில் அளந்து பார்த்து இதனை 2015இல் வெளியிட்ட ஆய்வாளர்களுள் எல். மகாதேவனும் ஒருவர்.

மழைக்காலத்தில் புற்றடியில் முளைக்கும் காளான் இந்தப் பூஞ்சையின் பூவே. பிடுங்கினால் வேர் போல் நீண்ட தண்டு ஒன்று மண்ணுக்குள் தோட்டம் வரை செல்வதைக் காணலாம். நம் பாட்டிமார் இதை அடையாளம் வைத்தே பறித்துக் குழம்பு வைத்தனர். அறிந்தவர் காட்டாமல் எந்தக் காளானையும் உண்ணாதீர்கள் என்றும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

லின்னேயசின் மாணவராகிய கொனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. புற்றுக்குள் பூஞ்சை இருப்பதை அறிவியல் உலகுக்கு முதலில் எடுத்துரைத்தது அதுவே. அவர் பெயர் நூலில் நிலைத்தது. புற்றை வெட்டித் திறந்த மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஏட்டில் ஏறாத அறிவு அறிவே அன்று எனச் சொல்லப்பட்டு வந்தது. அதனை ஏட்டில் ஏற்றும் கடமை இனி உங்களுடையது.

இளைஞர்களே, ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியல் நூல்களில் அரசி, வேலைக்காரர், சிப்பாய் என்னும் கறையான் பிரிவுகளைச் 'சாதி' எனக் குறிப்பதுண்டு. மனிதர் தம் சமுதாயத்துச் சொல்லைப் பூச்சியின் மேல் ஏற்றியதன்றி வேறில்லை. இயற்கையிலேயே சாதி உண்டு என்று யாரேனும் வாதாடினால், புற்றைத் திறந்து காட்டுங்கள். அங்கே வேலைக்காரரும் சிப்பாயும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வளரும் பருவத்தில் உடல் வேறுபடுகிறதேயன்றி, குலம் வேறுபடுவதில்லை. தோட்ட வேலை செய்ததே பின்னர் வெளிவேலைக்கும் செல்கிறது. மேலும், பூச்சியின் வாழ்க்கையைக் கொண்டு மனிதனுக்குச் சட்டம் எழுதுதல் எவ்வகையிலும் நியாயமாகாது.

நியாயம் வேறு, உவமை வேறு. ஆகவே உவமையாக மட்டும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இலைவெட்டி எறும்பின் இளவரசி பறந்து செல்லும்போது, தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துளியை வாயில் சீதனமாக எடுத்துச் செல்கிறாள். நம் ஈசலுக்கோ அந்தச் சீதனம் இல்லை. மழைநாள் மாலையில் ஆயிரக்கணக்கில் பறப்பவற்றுள் பெரும்பாலானவை காக்கைக்கும் பல்லிக்கும் இரையாகின்றன. தப்பிய ஓர் இணை சிறகுதிர்த்து மண்ணுக்குள் புகுந்து குடும்பம் தொடங்குகிறது. அதன் முதல் பிள்ளைகள் வெளியே சென்று, காளான் உதிர்த்த விதைத்துகளை இரையோடு தேடிக் கொண்டுவந்தால்தான் அந்த வீட்டில் தோட்டம் உண்டாகும்.

நம் இல்லங்களிலும் முதல் பட்டம் பெற்ற பிள்ளைகள் அவ்வாறே வெளியே சென்று கொண்டுவந்தவர்கள். இந்தச் சங்கம் 25 ஆண்டுகளாக அவர்களுக்கு வழித்துணையாக இருந்தது. வந்த விதையைக் களையின்றிக் காப்பதும், கட்டிய வீட்டில் கட்டியவரே வாழ்வதும் இனி வருவோர் கையில் உள்ளன.