"அம்மாவுக்கு வந்துச்சே, எனக்கும் வருமா?"

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அம்மாவுக்கு மார்புல கட்டி வந்துச்சு, எனக்கும் வருமா?" லயத்தில் இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வெளியில் தெரிஞ்சா பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தால்தான் கட்டியையும் மறைக்கிறோம்.

மார்புப் புற்றுநோய் கண்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்தது. பாட்டி ஒருத்திக்கு 70 வயதில் வந்ததென்றால் பெரிதாகக் கலங்க வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு 38 வயதிலேயே வந்து, பெரியம்மாவுக்கும் சூலகத்தில் புற்றுநோய் என்றால், கட்டாயம் கேட்க வேண்டும்.

நாற்று மேடையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வி.பி. செடி தாய்ச்செடியின் அச்சு. விதைத் தேயிலை அப்படியில்லை. பாதி தாய், பாதி தகப்பன். நம்ம பிள்ளைகள் விதைத் தேயிலை மாதிரி. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்களில் ஒன்று பெற்றோரில் ஒருவரிடம் பழுதாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுதுள்ள பெண்கள் 100 பேரில் 70 பேர் வரை 80 வயதுக்குள் நோய் காணலாம். மற்றவர்களுக்கு வராமலே போகும். அப்பா வழியாகவும் இது வரும், மறந்துடாதீங்க.

மரபணு ஆலோசகர் முதலில் ஊசி எடுப்பதில்லை. மூன்று தலைமுறைக் கதையைக் கேட்பார். இங்கேதான் நமக்குச் சிக்கல். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பாதிச் சொந்தம் இந்தியாவுக்குப் போய்விட்டது. "அத்தை கோத்தகிரியில செத்துப் போனாங்க" என்று மட்டும் தெரியும். எந்த வயதில், என்ன நோயில் என்று தெரியாது. போன் எடுத்துக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனை உங்கள் விருப்பம். நோய் கண்டவரையே முதலில் சோதிப்பது நல்லது. முடிவை உங்கள் சம்மதமில்லாமல் மாமியாருக்கும் சொல்ல மாட்டார்கள், புருஷனுக்கும் சொல்ல மாட்டார்கள். பழுது இருக்கிறது என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இள வயதிலேயே வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. போன்ற சோதனைகள் செய்யலாம். சிலர் முன்கூட்டியே சத்திரசிகிச்சை செய்துகொள்கிறார்கள். அந்த முடிவு அந்தப் பெண்ணுடையது.

கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபணுப் பிரிவு 1983லேயே ஆரம்பமானது. ஆனால் நாம் நேரே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் மருத்துவச்சி அம்மாவிடம் சொல்லி சுவநாரி கிளினிக்குக்குப் போங்க. தேவையென்றால் அங்கிருந்து பெரிய டாக்டருக்குக் கடிதம் கேளுங்க. இதற்காக ஒரு நாள் பேர் போகும், உண்மைதான். அதை வெட்டாமலிருக்க நிர்வாகத்தோடு பேசுவது மாதர் சங்கத்தின் வேலை. இன்றைக்கே அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.