வாலஸ் நினைவுக் கோபுரம்: கல்லும் கடிதமும்



ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகருக்கு அருகே அபி கிரெய்க் என்னும் பாறைக்குன்று உள்ளது. அதன் உச்சியில் 67 மீட்டர் உயரமுள்ள கற்கோபுரம் ஒன்று நிற்கின்றது. சுழன்றேறும் 246 படிகளைக் கடந்தால் மணிமுடி வடிவில் அமைந்த அதன் தலைப்பகுதியை அடையலாம். வில்லியம் வாலஸ் என்னும் விடுதலை வீரரின் நினைவாக எழுந்தது அக்கோபுரம்.

கட்டியவர்கள் இடத்தை அறிந்தே தேர்ந்தனர். 1297ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், ஸ்காட்லாந்துப் படை இக்குன்றின் பக்கமாக நின்றுதான் ஃபோர்த் ஆற்றை நோக்கியது. எதிரே ஆங்கிலேயரின் பெரும்படை. இடையே குறுகிய மரப்பாலம் ஒன்று. குதிரைவீரர் இருவர் இருவராகவே அதனைக் கடக்க இயலும். எதிரிப்படையில் ஒரு பகுதி கரையேறும் வரை ஸ்காட்லாந்தியர் காத்திருந்தனர், பின்னரே பாய்ந்தனர். பாலத்தின் முனை அவர்கள் வசமாயிற்று. கடந்தவர் மீளவும் இயலவில்லை, கடவாதவர் துணைசெய்யவும் இயலவில்லை. அன்று வென்றது வாளினும் பொறுமையே என்போம். அடுத்த ஆண்டே ஃபால்கர்க்கில் வாலஸ் தோற்றார். 1305இல் இலண்டனில் கொடுமையாகக் கொல்லப்பட்டார்.

கோபுரத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டதோ 1861இல். பணி நிறைவுற்றது 1869இல். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மக்கள் நன்கொடை திரட்டி இதனை எழுப்பியது ஏன்? பிரிட்டனிலிருந்து பிரிந்து போவதற்கான முழக்கம் என மாணவர் கருதக்கூடும். அவ்வாறன்று. வாலஸ் அன்று எதிர்த்து நின்றமையால்தான், 1707இல் ஸ்காட்லாந்து அடிமை நாடாக அன்றி, இணையான நாடாக இங்கிலாந்தோடு ஒன்றிணைந்தது என்பது அதனை எழுப்பியோர் பலரின் வாதம். பின்வந்தோரோ அதே கோபுரத்தில் தனிநாட்டுக் கனவைக் கண்டனர். கல் மாறவில்லை, படிப்போர் மாறினர்.

உள்ளே ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளமான வாள் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. 1888இல் டம்பார்டன் கோட்டையிலிருந்து கொணரப்பட்ட அது வாலஸின் வாள் எனப்படுகின்றது. அதன் பகுதிகள் பல பிற்காலத்தன என்பார் ஆய்வாளர். வாலஸைப் பற்றி மக்கள் அறிந்த கதைகளில் பெரும்பகுதியும் அவ்வாறே. அவை அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 'குருட்டு ஹாரி' என்னும் புலவர் பாடிய நெடும்பாட்டின் வழி வந்தவை. 1995இல் வந்த 'பிரேவ்ஹார்ட்' திரைப்படமும் அவ்வூற்றிலேயே நீர் மொண்டது. அதன்பின் குன்றடியில் நிறுவப்பட்ட சிலை ஒன்று, வாலஸின் முகத்தை விட்டு நடிகரின் முகத்தைத் தாங்கி நின்றது! உள்ளூரார் சினந்தனர், சிலை சேதமுற்றது, வேலியிட்டுக் காத்தும் பயனின்றி, இறுதியில் அகற்றப்பட்டது. வாலஸின் உண்மை முகம் எவ்வாறிருந்தது என்பதை எவரும் அறியார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பாட்டும் படமும் ஒருபுறம் இருக்க, அவர் காலத்து எழுத்து ஒன்று நமக்கு எஞ்சியுள்ளது. பாலத்துப் போர் முடிந்து சரியாக ஒரு திங்களில், 1297 அக்டோபர் 11ஆம் நாள், ஜெர்மானிய நகரங்களான லூபெக், ஹாம்பர்க் ஆகியவற்றின் தலைவர்க்கும் குடிமக்களுக்கும் விடுத்த இலத்தீன் கடிதம் அது. போர்முழக்கம் எதுவும் அதில் இல்லை. எங்கள் நாடு ஆங்கிலேயர் பிடியினின்று மீண்டது. உங்கள் சரக்குகளோடு எங்கள் துறைமுகங்களுக்கு அச்சமின்றி வரலாம் என்பதே அதன் சாரம். வென்ற கையோடு நாட்டின் வயிற்றுப்பாட்டை எண்ணிய ஆட்சியாளரை அதில் காண்கின்றோம். உருவிய வாளோடு நிற்கும் சிலைகளில் இவர் தென்படுவதில்லை.

கடிதத்தை விடுத்தோர் பெயர்களையும் நோக்குவோம். வாலஸின் பெயர் இரண்டாவதாகவே வருகின்றது. முதற்பெயர் ஆண்ட்ரூ மரே. வடபகுதியில் கிளர்ச்சியை நடத்தி, பாலத்தருகே வாலஸுக்கு இணையாகப் படை நடத்தியவர் அவர். அப்போரில் பட்ட புண்ணால் சில திங்களுள் இறந்தார் என்பது பெரும்பாலோர் கருத்து. ஏழாண்டுகள் கூடுதலாக வாழ்ந்து, தண்டனைக் களத்தில் மாண்ட வாலஸைப் பாட்டு தேடி வந்தது. பாட்டின்பின் கோபுரமும் வந்தது.

ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். இக்கோபுரத்தின் படத்தை வகுப்பில் காட்டும் நாளில் அக்கடிதத்தின் செய்தியையும் உடன் வைத்து, குன்றின் மேல் எவர் பெயர் இல்லை என்று மாணவரைக் கேளுங்கள்.