மூன்று கைகள் செய்த கடிகாரம்



பழைய பெண்டுலம் கடிகாரங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஆளுயரப் பெட்டிக் கடிகாரங்கள். அருங்காட்சியகங்களிலும் பழைய ஆங்கிலப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். மேலே கண்ணாடிக்குள் டயல், நடுவில் ஒடுக்கமான நீண்ட கதவு, அடியில் பீடம். பெரும்பாலும் ஆறு அடிக்குக் குறையாது. எட்டு அடிவரைக்கும் உண்டு. 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மணி பார்க்க ஓர் அடி அகலத்தில் ஒரு டயல் போதுமே, அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி? ஆடம்பரத்துக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே ஆடும் பெண்டுலம்தான் பெட்டியின் உயரத்தைத் தீர்மானித்தது.

அந்தக் கதை ஹாலந்தில் தொடங்குகிறது. 1656-ஆம் ஆண்டின் கடைசியில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற அறிஞர், ஊசலை, அதாவது பெண்டுலத்தைக் கொண்டு கடிகாரத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே சாலமன் காஸ்டர் என்ற கடிகாரக்காரர் தி ஹேக் நகரத்தில் அதைச் செய்து விற்க உரிமை பெற்றார். அதுவரை இருந்த கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூடத் தப்பும். ஊசல் வந்ததும் அந்தத் தப்பு சில விநாடிகளாகச் சுருங்கியது. லண்டனில் ஃப்ரோமன்டீல் என்றொரு கடிகாரக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜான் 1657-இல் காஸ்டரின் பட்டறைக்கு வேலைக்குப் போனார். 1658-இல் லண்டன் பத்திரிகையில் அவர்களுடைய ஊசல் கடிகார விளம்பரம் வந்துவிட்டது. ஓரிரு வருஷத்துக்குள் தொழில் கடல் தாண்டிவிட்டது!

அந்த முதல் கடிகாரங்களில் பெண்டுலம் குட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் அகலமாக வீசி ஆடியது. 1670-ஐ ஒட்டி நங்கூர வடிவத்தில் ஒரு சிறு உறுப்பு வந்தது. சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விடுவதுதான் அதன் வேலை. 'டிக் டிக்' என்று நாம் கேட்பது அது பல்லைப் பிடிக்கும் சத்தம். அதை முதலில் செய்தவர் வில்லியம் கிளெமென்டா, ராபர்ட் ஹூக்கா, ஜோசப் நிப்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எது எப்படியோ, இதனால் பெண்டுலம் கொஞ்சமாக ஆடினாலே போதும் என்று ஆயிற்று. கொஞ்சமாக ஆடுவது என்றால் நீளமாக வைத்துக்கொள்ளலாம். சுமார் 99.4 சென்டிமீட்டர் நீளமுள்ள பெண்டுலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு விநாடி ஆகும். அந்த நீளத்துக்காகவும், கடிகாரத்தை ஓட்டும் ஐந்தாறு கிலோ எடைக்கட்டிகள் எட்டு நாள் மெல்ல மெல்ல இறங்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவும்தான் அந்த உயரமான, ஒடுக்கமான பெட்டி. வாரத்துக்கு ஒரு முறை சாவி கொடுத்தால் போதும். ஒரு நாள் மறந்துபோனாலும் நிற்காது, அதற்குத்தான் எட்டாவது நாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நங்கூரம் பிடித்து விடுகிற அந்தக் கடைசிச் சக்கரத்துக்கு 30 பற்கள். பெண்டுலம் போய் வந்தால் ஒரு பல் நகரும். அதாவது இரண்டு விநாடிக்கு ஒரு பல். 30 பல்லுக்கு 60 விநாடி. ஆக, சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதன் அச்சை டயலுக்கு வெளியே நீட்டி, நுனியில் ஒரு சின்ன முள்ளைச் செருகிவிட்டால் அதுதான் விநாடி முள்! தனியாக ஒரு சக்கரமும் வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுக்கு முன்னால் இதை யோசித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெண்டுலத்தின் குண்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். குண்டை 1 மில்லிமீட்டர் இறக்கினால் நாளைக்குச் சுமார் 43 விநாடி மெதுவாகும். ஏற்றினால் அதே அளவு வேகமாகும். வெயிலும் தன் வேலையைக் காட்டும். 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் பெண்டுலத்தின் எஃகுக் கம்பி நீண்டு, நாளைக்கு ஐந்து விநாடிபோல் பின்தங்கும். இதைச் சரிக்கட்டத்தான் ஜார்ஜ் கிரஹாம் என்ற கடிகாரக்காரர் குண்டுக்குப் பதிலாகப் பாதரசக் குடுவையைத் தொங்கவிட்டார். இன்னொரு கடிகாரக்காரரான ஜான் ஹாரிசன் பித்தளைக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுகட்டும்படி செய்தார். அந்தக் கிரஹாமும் அவருடைய குரு தாமஸ் டோம்பியனும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். டோம்பியன் ஒரு கொல்லரின் மகன். கடிகாரத் தொழிலாளிக்கு அந்த நாடு கொடுத்த மரியாதை அது.

சரி, ஒரு கடிகாரத்தை யார் செய்கிறார்கள்? ஒருவர் அல்ல. பெட்டி தச்சருடையது. மிஷின் கடிகாரக்காரருடையது. டயல் செதுக்குபவரும் வார்ப்பவரும் வண்ணம் தீட்டுபவரும் சேர்ந்து செய்வது. மூன்று பட்டறைகளின் வேலை ஒன்றுகூடி ஒரு கடிகாரம் ஆகிறது.

பெட்டியைப் பார்த்தாலே காலம் தெரியும். ஆரம்பத்தில் கருங்காலி மாதிரி கறுப்பாக இருந்தன. பிறகு வால்நட் மரத் தகடு ஒட்டியவை, பல நிற மரத்துண்டுகளால் பூவேலை செய்தவை. 18-ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த மஹோகனி. கிராமத்துக் கடிகாரங்கள் மட்டும் உள்ளூர் ஓக் மரத்திலேயே நின்றன.

டயலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய டயல் பித்தளைத் தகடு. அதன்மேல் எண்கள் செதுக்கிய தனி வளையம். எண்களைச் செதுக்கிய பள்ளத்தில் கறுப்பு அரக்கை உருக்கி நிரப்பித் தேய்த்து மட்டமாக்குவார்கள். பிறகு வெள்ளி உப்பைச் சமையல் உப்போடும் புளிப்பு உப்பு ஒன்றோடும் ஈரமாகக் குழைத்து, வளையத்தின்மேல் கையாலேயே தேய்ப்பார்கள். பித்தளையின் மஞ்சள் மறைந்து, பனி படர்ந்தது போன்ற வெண்மை வரும். அந்த வெள்ளிப் படலம் மிக மிக மெல்லியது. கடைசியில் பூசும் வார்னிஷ்தான் அதைக் காப்பாற்றுகிறது. நான்கு மூலைகளில் வார்ப்புப் பித்தளையில் சிறகு முளைத்த குழந்தை முகங்கள். வளையத்தின் உள்விளிம்பில் ஒரு மணியை நான்காகப் பிரித்த கோடுகள் இருக்கும். மணி முள் ஒன்றை மட்டும் பார்த்துக் கால், அரை, முக்கால் என்று படித்துப் பழகிய தலைமுறைக்காக அவை. நிமிட முள் வந்து பல காலம் ஆன பிறகும் அந்தக் கோடுகள் போகவில்லை.

1772-இல் பர்மிங்ஹாமில் ஆஸ்போர்ன், வில்சன் என்ற இருவர் வெள்ளை டயல்களை விற்பதாக விளம்பரம் செய்தார்கள். இரும்புத் தகட்டில் வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் பூவும் கனியும் பொன் கோடும் எழுதியவை. பித்தளையைவிட மலிவு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கவும் எளிது. சில பத்தாண்டுகளில் பித்தளை டயலை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. இந்த டயலுக்கும் மிஷினுக்கும் நடுவில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். டயல் செய்தவரின் பெயர் பல கடிகாரங்களில் அதில்தான் வார்க்கப்பட்டிருக்கும். முன்னால் அழகாக எழுதியிருக்கிற பெயர், பெரும்பாலும் அந்த ஊரில் கடிகாரத்தைக் கோத்து விற்றவருடையது. டயலில் பெயர் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அவரே செய்தார் என்று நம்பிவிடக் கூடாது.

டயலின் மேல்வளைவில் நிலவு காட்டும் கடிகாரங்களும் உண்டு. பின்னால் ஒரு வட்டத் தகடு. அதில் எதிரெதிரே இரண்டு நிலவு முகங்கள். தகட்டின் விளிம்பில் 118 பற்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு பல் நகரும். கணக்குப் போட்டால், ஒரு சுற்றுக்கு 59 நாள். ஒரு நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். தெரு விளக்கு இல்லாத காலத்தில், இரவுப் பயணம் போகலாமா என்பதை முடிவு செய்ய அது உதவியது.

மணி அடிக்கிற பகுதியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. பழைய முறையில், எத்தனை அடி அடிக்க வேண்டும் என்பதை வெட்டு வைத்த ஒரு தகடு வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு முறை தப்பினால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். 1676-இல் எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியார் கண்டுபிடித்த முறையில் முள் நிற்கும் இடத்தைப் பார்த்தே அடி விழும்.

மூன்று பட்டறைகளில் பிறந்தவை என்று சொன்னேன் அல்லவா? அதனாலேயே பிற்காலத்தில் அவற்றைப் பிரிப்பதும் எளிதாகிவிட்டது. பெட்டி செல்லரித்தால் மிஷினை எடுத்து வேறு பெட்டியில் வைப்பார்கள். நல்ல பெட்டிக்கு எங்கிருந்தோ ஒரு டயல் வரும். பழம்பொருள் சந்தையில் இந்த ஒட்டுக் கடிகாரங்கள் ஏராளம். கண்டுபிடிப்பது எப்படி? மிஷின் உட்காரும் பலகையின் அடியில் புதுத் துண்டு வைத்து உயரம் கூட்டியிருக்கிறதா பாருங்கள். டயலின் ஓரம் பெட்டியின் மரச்சட்டத்துக்குள் மறைகிறதா, இடைவெளி தெரிகிறதா பாருங்கள். பிறகு கதவைத் திறந்து, பின்பலகையில் டார்ச் அடியுங்கள். பெண்டுலக் குண்டு எப்போதாவது உரசியிருந்தால் வளைவாக ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறல் இப்போதைய குண்டின் உயரத்திலேயே இருந்தால் நல்ல அடையாளம். ஒரு சாண் தள்ளி இருந்தால் அங்கே முன்பு வேறு மிஷின் ஓடியிருக்கிறது. என்னைக் கேட்டால், மூன்றும் பிரியாத கிராமத்து ஓக் கடிகாரம் ஒன்று, பளபளக்கும் மஹோகனி ஒட்டுக் கடிகாரம் பத்துக்குச் சமம்.

நம் மண்ணிலும் இந்த வரிசையில் ஒன்று இருக்கிறது. லண்டனில் ஜான் ஷெல்டன் என்பவர் வானியலாளர்களுக்காகவே துல்லியக் கடிகாரங்கள் செய்தார். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க கேப்டன் குக் தஹிதி தீவுக்குப் போனபோது அவரோடு போனது ஷெல்டன் கடிகாரம்தான். அதே ஷெல்டன் செய்த கடிகாரம் ஒன்று பழைய சென்னை வானாய்வகத்துக்கும் வந்தது. இப்போது அது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. கிரீன்விச்சைவிடச் சென்னை 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் என்று 1802-இல் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் கணித்துச் சொன்னது அந்த வானாய்வகத்திலிருந்துதான். ரயில்கள் பல காலம் அந்த 'மெட்ராஸ் நேரத்தில்' ஓடின.

நம் பழைய வீட்டுக் கூடங்களில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரங்கள் வேறு வழியில் வந்தவை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் முதலில் மரச் சக்கரங்களில் மலிவாகக் கடிகாரம் செய்தார்கள். கடல் ஈரத்தில் மரம் உப்பிவிடும். ஏற்றுமதி செய்ய முடியாது. 1830-களின் கடைசியில் சான்சி ஜெரோம் என்ற கடிகாரக்காரர் பித்தளைத் தகட்டிலிருந்து சக்கரங்களை அச்சில் வெட்டி எடுக்கத் தொடங்கினார். 1842-இல் இங்கிலாந்துக்கு ஒரு சரக்கு அனுப்பினார். இவ்வளவு குறைந்த விலையா, வரிக்குப் பயந்து பொய் விலை போட்டிருக்கிறார் என்று நினைத்த சுங்க அதிகாரிகள், சட்டப்படி அந்த விலைக்கு மேல் பத்து சதவீதம் கூடக் கொடுத்து, முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். ஜெரோம் மகிழ்ந்துபோய் அடுத்த சரக்கை அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது முறைதான் அவர்களுக்கு உண்மை புரிந்தது. அன்சோனியா, சேத் தாமஸ் என்ற அமெரிக்கப் பெயர்களும் ஜெர்மனியின் யுங்ஹான்ஸும் உலகமெங்கும் பரவிய காலம் அதற்குப் பின்னால் வந்தது.

உங்கள் வீட்டில் பழைய கடிகாரம் ஒன்று இருந்தால், தயவு செய்து சில காரியங்களைச் செய்யாதீர்கள். டயலைச் சோப்புப் போட்டுத் துடைக்காதீர்கள். பித்தளை வளையத்தை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த வெள்ளியும் எழுத்தும் ஒரே நாளில் போய்விடும். மிஷினுக்குத் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடாதீர்கள். எண்ணெய் முக்கியமாக அச்சு நுனிகளுக்குத்தான், அதுவும் ஒரு சொட்டு. பற்களில் பட்டால் தூசியோடு சேர்ந்து உலோகத்தையே அராவிவிடும். ஓடவில்லை என்பதற்காக உள்ளே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு பேட்டரி மிஷின் பொருத்தச் சொல்லாதீர்கள். பெரும்பாலான பழைய மிஷின்களுக்கு வேண்டியது நல்ல கையால் ஒரு சுத்தம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பழைய மெக்கானிக்குகள் பழுதுபார்த்த தேதியையும் தங்கள் பெயரையும் டயல் தகட்டின் பின்னால் ஊசியால் கீறி வைப்பார்கள். அதைச் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு தாளில், இந்தக் கடிகாரத்தை யார் வாங்கியது, எந்த ஊரில், ஏறக்குறைய எந்த ஆண்டில், இதுவரை யார் யார் பழுதுபார்த்தார்கள் என்று எழுதி ஓர் உறையில் போட்டு, பெட்டிக்குள் வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.