எலீஸ் போல்டிங் அம்மையார்



ஐந்து குழந்தைகளை வளர்க்கும் தாய்க்கு உலக சமாதானத்தைப் பற்றிச் சிந்திக்க நேரம் ஏது என்று கேட்போர் உண்டு. ஐந்து குழந்தைகளை வளர்த்தவளுக்கு வாய்க்காத சமாதானப் பயிற்சி வேறு யாருக்கு வாய்த்தது என்று திருப்பிக் கேட்கத் தூண்டுவது எலீஸ் போல்டிங் அம்மையாரின் வாழ்க்கை.

1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நார்வே நாட்டின் தலைநகரில் பிறந்த இவர், மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். தாயார் ஏக்கத்தோடு சொல்லிய தாய்நாட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். எங்கேனும் போர் மூண்டால் நார்வேக்குப் போய்விடலாம், அங்கே அபாயமில்லை என்று நம்பியிருந்தார். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படைகள் அந்த நார்வேக்குள்ளேயே புகுந்தன. அவர் கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டும் அதுவே. ஒளிந்துகொள்ள உலகில் ஓரிடமும் இல்லையாயின், உலகம் முழுவதையும் அச்சமற்ற இடமாக்க முயல்வதன்றி வேறு வழியில்லை என்று துணிந்தார்.

போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தாரின் கூட்டத்தில் பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங்கைச் சந்தித்து, 1941-இல் அவரை மணந்தார். பின்னர் ஐந்து மக்கள் பிறந்தனர். வீட்டில் கழிந்த அந்த ஆண்டுகளை அவர் இழந்த காலமாகக் கருதவில்லை. ஒரு பொம்மைக்கு இரு குழந்தைகள் கைநீட்டும்போது தாய் என்ன செய்கிறாள்? ஒருவனை வென்றவனாகவும் மற்றவனைத் தோற்றவனாகவும் விட்டுவிட அவளால் இயலாது. இரவு இருவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டுமே! பிணக்கே இல்லாத நிலை சமாதானமன்று, பிணக்கைக் கையாளும் திறமையே சமாதானம் என்பது அம்மையாரின் கொள்கை. வரலாற்று நூல்கள் போர்களை எண்ணி வைத்திருக்கின்றன. அன்றாட இணக்கங்களை எண்ணுவாரில்லை. இக்குறையை நிரப்பவே 1976-இல் பெண்களின் பக்கமிருந்து ஒரு பெரிய உலக வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அவருடைய ஊக்கத்துக்கு ஒரு சான்று. ஃபிரெட் போலக் என்னும் டச்சு அறிஞர், நல்ல எதிர்காலத்தை மனக்கண்ணால் காணவல்ல சமுதாயமே தழைக்கும் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அதனை ஆங்கிலத்தில் தருவதற்காகவே, குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே, அம்மையார் டச்சு மொழியைக் கற்றார்! மொழிபெயர்ப்பு 1961-இல் வெளிவந்தது. 1966-இல் சமாதான வேட்பாளராக அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தலில் நின்று தோற்றார். 1969-இல், நாற்பத்தொன்பதாம் வயதை எட்டும் தறுவாயில், டாக்டர் பட்டம் பெற்றார். கொலராடோவிலும் டார்ட்மத்திலும் ஆசிரியப் பணி. மாநாடுகளுக்காக நாடு நாடாகப் பயணம். சர்வதேச சமாதான ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு. பதவிகளை இவ்வளவோடு விடுகிறேன். அவர் கற்பித்த இரண்டு பாடங்களே உங்களுக்கு வேண்டியவை.

முதலாவது, இருநூறாண்டு நிகழ்காலம். இன்று நூறாவது பிறந்தநாள் காணும் பாட்டியார் பிறந்த நாள் ஓர் எல்லை. இன்று பிறந்த குழந்தை நூறு வயதடையும் நாள் மற்றோர் எல்லை. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளும் நம் நிகழ்காலமே. அவற்றில் வாழ்ந்தவரையும் வாழப்போகிறவரையும் நாம் கையால் தொட முடியுமல்லவா?

இரண்டாவது, 1980-களில் அவர் நடத்திய பயிற்சி முகாம். ஆயுதக் குறைப்புக்காக உழைத்த வல்லுநரிடம், ஆயுதமற்ற உலகம் எப்படி நடைபெறும் என்று அவர் கேட்டிருந்தார், விடை கிடைக்கவில்லை. ஆகவே முகாமுக்கு வந்தவர்களை, முப்பதாண்டுகளுக்குப் பின், ஆயுதமே இல்லாத உலகில் உலவுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். அங்கே பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? வழக்குகளைத் தீர்ப்பவர் யார்? கண்டதைப் படமாக வரைய வேண்டும். பிறகுதான் கடினமான பகுதி. அந்த நாளிலிருந்து ஆண்டாண்டாகப் பின்னோக்கி நடந்து, இந்நிலை எவ்வாறு வந்தது, அதற்கு முந்திய படி எது என்று கேட்டுக்கொண்டே இன்றைய தேதிக்கு வந்து, நாளைக் காலையில் தாம் செய்யவேண்டிய வேலை இன்னதென்று எழுதித் தரவேண்டும்.

2010 ஜூன் 24 அன்று, தொண்ணூறு நிறையப் பன்னிரண்டு நாட்களே இருக்கையில், அம்மையார் மறைந்தார்.