சந்திப்பூர் கடற்கரையில் ஒரு நாள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இரயில்வே ஊழியர்கள், கையில் பாஸ் இருக்க, காசு கொடுத்துப் பேருந்து பிடித்துக் கடலுக்குப் போனார்கள் என்றால் கேட்பவர் நகைப்பர். நமது கரக்பூர்க் காலனியிலும் பலர் நகைத்தார்கள். ஆயினும் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கும் இன்பம் இரயிலில் ஏது? சென்ற மே மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலை 4 மணிக்கு, நாங்கள் நாற்பது பேர் புளியோதரைத் தூக்குகளுடன் புறப்பட்டோம்.

பேல்டா, தாந்தன், ஜலேஸ்வர் வழியே சந்திப்பூர் சுமார் 130 கிலோமீட்டர். நாங்கள் சென்ற 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வங்கத்தில் தொடங்கிச் சென்னையில் முடிவது. இதைச் சொன்னதும், "அப்படியானால் நேரே தாத்தா வீட்டுக்கே போய்விடலாமே!" என்றாள் ஒரு சிறுமி. சுவர்ணரேகை ஆற்றில் மணலே மிகுதி, நீர் ஓர் ஓரமாய் ஓடிற்று. பாலேசுவரத்தை அடுத்த ரெமுனாவில் கோபிநாதரைத் தரிசித்தோம். அங்கே கிடைக்கும் பால்பாயசப் பிரசாதத்தை நம் தாய்மார்கள் இன்றளவும் புகழ்கிறார்கள்.

சந்திப்பூரை அடைந்தபோது மணி 11. கடலைக் காணோம்! கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணலே கிடந்தது. அங்கே கடலடித்தளம் மிகவும் சரிவு குறைந்தது. ஆதலால் வற்றத்தின்போது நீர் சில கிலோமீட்டர் உள்வாங்கிவிடுகிறது. ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். நாள்தோறும் அது ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். பிள்ளைகளுக்கோ பெருங்கொண்டாட்டம். சிவப்பு நண்டுகளைத் துரத்தினார்கள். நீலக் குருதி உடைய குதிரைலாட நண்டு ஒன்றையும் கண்டார்கள். இராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையில் உருவான அக்னி ஏவுகணை 1989 மே 22 அன்று முதன்முதலாக விண்ணில் பாய்ந்தது இந்தச் சந்திப்பூரிலிருந்துதான் என்று சொன்னதும், ஓடியவர்கள் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

எங்களுடன் எண்பதை நெருங்கும் பாட்டியார் ஒருவர் வந்திருந்தார். நாகப்பட்டினத்தில் பிறந்தவர், கடலைக் கண்டு நாற்பது ஆண்டுகள் ஆயின என்றார். முழங்கால் வலியோடு அத்தனை தூரம் மணலில் நடப்பது எங்ஙனம்? சவுக்கு நிழலில் அமர்ந்து, நீர் சென்ற திசையையே பார்த்திருந்தார். "நீங்கள் போங்கள், எனக்குக் காற்று போதும்" என்றார். அந்தக் காற்று அவருக்குப் போதாது என்பது எங்களுக்குத் தெரிந்தது.

பேருந்து 3 மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. நீரோ 5 மணி அளவில்தான் கரை சேரும் என்று மீனவர் ஒருவர் கூறினார். யார்டில் இரவு 10 மணிக்கு வேலை ஏற்க வேண்டியவர் மூவர் இருந்தனர். இருட்டில் லாரிகளுக்கிடையே ஓட்ட வேண்டுமே என்று வங்காளி ஓட்டுநர் மறுத்தார். சிறிது சூடாகவே பேச்சு நடந்தது. இறுதியில் அந்த மூவருமே, "இருப்போம்" என்றார்கள். வழியில் தேநீருக்குக்கூட நிறுத்தமாட்டேன் என்ற நிபந்தனையின்மேல் ஓட்டுநரும் இசைந்தார்.

நாலரை மணிக்குமேல் நீர் வந்தது. அலை எழுப்பி அன்று. தரையில் எண்ணெய் பரவுவதுபோல் ஓசையின்றி வந்தது. மணலில் தொலைவில் நின்ற பிள்ளைகளை முன்னரே கரைக்கு அழைத்துவிட்டோம். இரு பெண்கள் தாங்கிக்கொள்ள, பாட்டியார் கணுக்கால் நனைய நின்றார். ஒரு கை நீரைத் தலையில் தெளித்து, ஒரு துளியை நாவில் வைத்து, "அதே உப்புத்தான்" என்றார். "தீதிமாவுக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொன்னவர் அந்த ஓட்டுநரேதான்!

இரவு 9.30-க்கு மூவரும் யார்டு வாயிலில் இறங்கினார்கள். இவ்வாண்டுப் பயணத்துக்குப் பாட்டியார் முதலாவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். செயற்குழுவினர் நாள் குறிக்குமுன் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.